அணைக்காத வண்டி

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடைய லாரிக்குப் புது செல்ஃப் மோட்டார் வந்தது. நான்தான் வாங்கி வந்தேன். புதுசு என்றும் சொல்ல முடியாது. போடி கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி புதிதாகச் சுற்றி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே எடுத்தது. சாக்குப் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கனம் என்றால் அப்படிக் கனம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "பூசணிக்காயாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எதையும் விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் மத்தியானம் தேவாரம் ஊரிலிருந்து ஒருவர் வண்டியை எடுத்துப்போக வருவதாக இருந்தது. பேச்சு முடிந்துவிட்டது. வண்டி எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியும் விட்டார். அதனால்தான் என் கொழுந்தனுக்குக் கோபம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன் அவன். மறுநாள் காலை லீவு போட்டு வந்து, என் வீட்டு வாசலில் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடவே மாட்டேன் என்று நின்றான்.

"மதினி, இது வேண்டாத சோலி. வாங்குறவரே கேக்கல. அவரும் மலைக்கு லோடு அடிக்கிறவரு. மேட்டுல நிப்பாட்டி எடுத்துக்குவாரு."

"செல்ஃப் போடாம இந்த வண்டி வாசலை விட்டுப் போகாது" என்றேன்.

"போட்டு என்ன ஆகப் போகுது?"

"இனி இதை ஒருத்தரும் தள்ளக் கூடாது. அவ்வளவுதான். நீ போடுறியா, நான் ஆள் கூப்பிடவா?"

அவன் சாக்கை எடுத்து வண்டிக்கு அடியில் விரிக்கப் போனான். நான் சொன்ன காரணம் பாதிக் காரணம்தான். மீதியை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அழுதுவிடுவான், பிறகு வேலை நடக்காது.

வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது செல்ஃப் மோட்டார். அது செத்துவிட்டால் வண்டியை உருளவிட்டு, கியரில் போட்டு, கிளட்சை வெடுக்கென்று விட வேண்டும். எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் அதற்கு நாலு பேர் தள்ள வேண்டும். இறக்கத்தில் யாரும் வேண்டாம், வண்டியே உருண்டுவிடும். எங்கள் வண்டியின் செல்ஃப் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஏனென்றால் அவருடைய பிழைப்பு முழுக்க மலையில் இருந்தது. போடியிலிருந்து உர மூட்டையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். நிறுத்த இறக்கம் இல்லாத இடம் அந்த வழியில் எங்கே இருக்கிறது?

எங்கள் வீடும் அவருக்கு ஏற்ற வீடுதான். மலையடிவாரத்தில், சரிவான சந்தில், மேல் முனையில் இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி, முகம் கீழே பார்க்க நிறுத்துவார். முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். கல்லில் கயிறு கட்டியிருக்கும். விடிகாலையில் அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, "ஏ புள்ள, இழு" என்பார். நான் ஒதுங்கி நின்று கயிற்றை இழுப்பேன். கல் விலகும். வண்டி சத்தமே இல்லாமல் சந்தில் இறங்கும். பாதித் தூரம் போனதும் ஒரு குலுக்கு குலுக்கி உறுமும். கையை வெளியே நீட்டி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கல்யாணமான பெண்கள் வாசலில் நின்று வீட்டுக்காரரை வழியனுப்புவார்கள் இல்லையா, எனக்கு அது அந்தக் கயிறுதான்.

செல்ஃப் மாற்றுங்கள் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு செல்ஃப்?" என்று சிரிப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதரோடு ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தால் தெரியும். சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்து வாசலில் இடம் தாராளமாகக் கிடந்தது. இவர் இறக்கம் தேடிக்கொண்டே போய், ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையின் சரிவில் நிறுத்தினார். பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

இறக்கமே கிடைக்காத இடத்தில் என்ன செய்வார் என்றால், எஞ்சினை அணைக்க மாட்டார். அது எங்கள் வீட்டுச் சட்டம் மாதிரி. சமதளத்தில் அணைக்கக் கூடாது. நான் காய் தரம் பிரிக்கிற ஏலக்காய் குடோன், எங்கள் பேச்சில் கிட்டங்கி, போடிக்குள் சமமான தெருவில் இருக்கிறது. அங்கே மூட்டை இறக்க வந்தால், இறக்கி முடிகிற வரைக்கும் வண்டி ஓடிக்கொண்டே நிற்கும். மூக்கடைத்தவன் குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே காய் புடைக்கிற சுளகோடு உட்கார்ந்திருக்கிற எனக்குத் தலையைத் தூக்காமலே தெரியும், வந்துவிட்டார் என்று. ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு அவர் கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் போக மாட்டார். டீ குடித்தாலும் கண் வண்டி மேலேயே இருக்கும். கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்வார்கள்: "வண்டி ஓடுது, ஒன் ஆளு இங்கனதான் நிக்காரு. போய்க் காப்பி வாங்கித் தரச் சொல்லு." வண்டி ஓடுகிறது என்றால் அவர் இருக்கிறார். அத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் பொய்யானதில்லை.

அவர் மலையில் இறந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். மழையிலும் மூட்டத்திலும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கின மனிதர் பொட்டிபுரம் பக்கத்தில், வயல்காட்டு ரோட்டில், ஒரு மேடு பள்ளம் இல்லாத இடத்தில் போனார். உர மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் போட்டதில் எஞ்சின் நின்றுவிட்டது. வயலில் வேலை செய்துகொண்டிருந்த சிலரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் பின்னால் தள்ள, இவரும் சும்மா உட்காராமல் கதவுப் பக்கம் நின்று, ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். வண்டி உருண்டதும் தாவி ஏறி கியரில் போட்டார். எஞ்சின் பிடித்துவிட்டது. கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார். பிறகு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார்.

தள்ளிவிட்டவர்களில் ஒருவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். அவர்தான் இவரை நகர்த்திப் படுக்கவைத்து, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அந்த மனிதரை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வளாகம் சமதளம். இப்போதுதான் மூச்சு முட்டத் தள்ளிய வண்டி. அதனால் அவர் எஞ்சினை அணைக்கவில்லை.

எனக்குக் கிட்டங்கிக்குப் போன் வந்தது. உடம்புக்கு முடியவில்லை, வாங்க என்று மட்டும் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஆட்டோ திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டது. குறட்டைச் சத்தம். வண்டி வேப்பமரத்தடியில் ஓடிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் மேல் அவருடைய துண்டு கிடந்தது.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்த மாதிரி. ஆட்டோக்காரத் தம்பியிடம், "ஒண்ணுமில்லப்பா, வண்டி ஓடுது" என்று சொல்லிச் சிரித்தேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ. இறங்கி நடந்தேன். பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்துவிட்டது. ஆளைப் பதற அடித்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா, இன்றைக்கு வைத்துக்கொள்கிறேன், செல்ஃபை மாற்றாமல் சோறு கிடையாது, இப்படி ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே படி ஏறினேன். எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டபோதுகூட என் குரல் சண்டைக்குப் போகிறவள் குரலாகத்தான் இருந்தது.

உள்ளே ஸ்ட்ரெச்சரில் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். நெஞ்சடைப்பு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

நான் நம்பவில்லை. பைத்தியம் பிடித்து அல்ல. வெளியே சத்தம் கேட்கிறது. ஜன்னல் வழியாக அது வந்துகொண்டே இருக்கிறது. துணியை விலக்கி முகத்தைப் பார்த்த பிறகும் என் காது, இல்லை, ஆள் இங்கேதான் எங்கோ நிற்கிறார், கூப்பிட்டால் வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கண் சொல்வதைக் கேட்பதா, காது சொல்வதைக் கேட்பதா? அந்தக் கொடுமையை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. "யாராச்சும் அந்த வண்டிய அணைங்களேன்" என்று கேட்டேன். ஓட்டி வந்த மனிதர் வாசற்படியில் கைகட்டி நின்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அணைச்சா திரும்ப எடுக்காதும்மா."

அவர் சொன்னது நியாயம். அதனால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கையெழுத்து வாங்கும்போது ஓடியது. சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழும்போது ஓடியது. சாயங்காலம் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் கொழுந்தன் அதை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் சந்தில் ஏற்றி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு அணைத்தான். அப்போதுதான் நான் அழுதேன். எல்லோரும் உடலைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

இதுதான் கொழுந்தனிடம் சொல்லாத மீதிக் காரணம். ஓட்ட ஆள் இல்லை, மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள், வண்டி துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது, விற்கத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தவும் முடியாத வண்டியாக அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

சாக்கை விரிக்கப் போன கொழுந்தன், சரிவில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது, கீழே சமமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். அவன் உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தான். நான் கயிற்றைப் பிடித்தேன். அவனுக்கு "இழு" என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். இழுத்தேன். வண்டி இறங்கியது. உறுமவில்லை. சந்து முடிகிற சமதளத்தில் போய் நின்றது.

"இப்ப எடுக்கலைன்னா, தெருவே சேர்ந்துதான் தள்ளணும் மதினி" என்றான். எனக்குத் தெரியாதா?

பேட்டரி ஒயரை முதலில் கழற்றினான். பிறகு அடியில் போய்ப் படுத்தான். செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் கீழே இருப்பது சுலபமாக வந்துவிட்டது. மேலே இருப்பது வரவில்லை. துருவேறி ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். திட்டினான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் போனது. "அண்ணன் இதுல கை வச்சே வருஷக்கணக்காச்சு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு அவனே, "நான் இருந்தும் மாத்திக் குடுக்கல" என்றான். அவனை நோகவைக்க எனக்கு விருப்பம் இல்லை, தேற்றவும் தெம்பில்லை.

மண்ணெண்ணெய் இறங்கியதும் ஸ்பேனருக்கு ஒரு பைப்பைச் சொருகி இழுத்தான். கிறீச்சென்று கத்திக்கொண்டு போல்ட்டு சுழன்றது. பழைய செல்ஃபை இரண்டு கையிலும் ஏந்தி வெளியே தள்ளினான். கறுப்பாக, சேறும் கிரீஸும் அப்பி, செத்த பெருச்சாளி மாதிரி தரையில் கிடந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதுவா? காலால் தள்ளினால் உருளுகிற இந்தச் சாமானா? இதை மாற்ற ஒரு பகல்கூட ஆகாது. அந்தப் பகலை அவர் எனக்குத் தரவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் அந்த ஆஸ்பத்திரிப் படியில் ஏறவில்லை.

புதியதைத் தூக்கிப் பொருத்த நானும் அடியில் போய்ப் படுத்தேன். அவன் ஒரு பக்கம் போல்ட்டை ஏற்ற, நான் கீழிருந்து மார்போடு அணைத்துத் தாங்கிக்கொண்டேன். புழுதியும் எண்ணெயும் முகத்தில் கொட்டின. இறுக்கி முடித்து, ஒயர்களை மாட்டி, சார்ஜ் ஏற்றி வந்திருந்த பேட்டரியை இணைத்தான். சாவியை என்னிடம் நீட்டினான்.

அந்த வண்டியின் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. சீட்டு அவருடைய உடம்புக்குக் குழிந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக்.

தெருவில் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்கு வருகிற மாதிரி நடந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். "யாரும் வராதீங்க" என்று கத்தினேன். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மதினி, எர்த்து ஒயரா இருக்கும். அந்த உப்புத்தாளக் கொண்டாங்க" என்றான் அவன். எஞ்சினையும் வண்டியின் இரும்புச் சட்டத்தையும் சேர்க்கிற பட்டை ஒயர் ஒன்று பச்சை பூத்திருந்தது. அதைக் கழற்றி, பளபளவென்று தெரிகிற வரைக்கும் தேய்த்து மறுபடி மாட்டினான். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது முறை திருப்பினேன்.

எஞ்சின் சுற்றியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

"அணைச்சிராதீங்க, பேட்டரி ஏறட்டும்" என்றான் கொழுந்தன். அவன் கண் கலங்கியிருந்தது. சரி என்று இறங்கி, கை கழுவி, காப்பி போட உள்ளே போனேன். அடுப்படியில் நிற்கும்போது அந்தக் குறட்டைச் சத்தம் சந்திலிருந்து ஏறி வந்தது. பாலை இறக்கி ஆற்றி ஊற்றினேன். தட்டில் எடுத்து வைத்தபோதுதான் பார்த்தேன். மூன்று டம்ளர். கொழுந்தனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் கை பாட்டுக்கு மூன்று வைத்திருக்கிறது. அப்போதும் என் காது, ஆள் வெளியேதான் நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறது.

தட்டோடு கீழே இறங்கினேன். அதற்குள் தேவாரத்துக்காரர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டம்ளரை அவர் எடுத்துக்கொண்டார். செல்ஃப் போட்டிருக்கிறது என்று கொழுந்தன் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். காப்பியைக் குடித்துவிட்டு, "ஓடிக்கிட்டே இருக்கு. அப்படியே வெரசா கெளம்பிர்றேன்க்கா" என்றார்.

நான் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, எஞ்சினை நிறுத்துகிற கம்பியை இழுத்தேன்.

"அணைச்சிட்டீங்களேக்கா" என்றார் அவர்.

சத்தம் நின்றது. சந்தில் ஒரு சேவல் கூவியது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. என் வீட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் எங்கேயும் இல்லை. என் காதுக்கும் அது கடைசியில் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"இப்ப எடுங்க" என்றேன். தேவாரத்துக்காரர் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது.

கியரைப் போட்டவரை நிறுத்தி, ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, எங்க நிப்பாட்டினாலும் அணைச்சிருங்க. ஓடவிட்டுட்டு எங்கயும் போகாதீங்க. வீட்டுல இருக்கவங்க சத்தத்தக் கேட்டு, நீங்க இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு வருவாங்க."

அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சரிக்கா, அணைச்சிர்றேன்" என்றார்.